பெயரில் இல்லாத எண்: அயனிச் சேர்மங்களின் பெயரும் வாய்ப்பாடும்

கால்சியம் குளோரைடு என்ற பெயரை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். அதில் எண் எதுவும் இல்லை. ஆனால் வாய்ப்பாடு எழுதும்போது கால்சியம் ஒன்று, குளோரின் இரண்டு என்று எழுத வேண்டியிருக்கிறது. அலுமினியம் ஆக்சைடு என்ற பெயரிலும் எண் கிடையாது; வாய்ப்பாட்டிலோ அலுமினியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. இந்த இரண்டும் மூன்றும் எங்கிருந்து வந்தன?

வேதியியலைப் புதிதாகப் படிக்கிற எந்தப் பிள்ளையும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காமல் கடந்துபோனால் வாய்ப்பாடுகளை ஒவ்வொன்றாக நெட்டுருப் போட வேண்டிவரும். நூறு சேர்மம் என்றால் நூறு வாய்ப்பாடு. கேட்டு விடை தெரிந்துகொண்டால் முப்பது, நாற்பது அயனிகளை, அதாவது மின்சுமை ஏற்ற அணுக்களையும் அணுக்கூட்டங்களையும், தெரிந்து வைத்திருப்பதே போதும். அவற்றைக் கொண்டு பல நூறு வாய்ப்பாடுகளை நாமே எழுதிவிடலாம்.

பக்கத்திலேயே இன்னொரு பெயரை வைத்துப் பார்ப்போம்: கார்பன் டைஆக்சைடு. இங்கே 'டை' என்று எண் வெளிப்படையாக வருகிறது. காரணம், கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று என்றும் சேரும், ஒன்றுக்கு இரண்டு என்றும் சேரும். எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த வகைச் சேர்மங்களில், எந்தச் சேர்க்கையைப் பற்றிப் பேசுகிறோம் என்று பெயர்தான் சொல்லியாக வேண்டும். கால்சியமும் குளோரினும் சேரும்போது அந்தத் தேவை இல்லை. கால்சியம் அயனியின் மின்சுமை 2+, குளோரைடு அயனியின் மின்சுமை 1−. இரண்டும் சமனாக வேண்டுமென்றால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு வந்தே தீரும். வேறு வழியில்லாத ஒன்றைப் பெயரில் எதற்குச் சொல்ல வேண்டும்?

அயனிச் சேர்மங்களின் பெயரிடலில் உள்ள ஒழுங்கு முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். மின்சுமை தானாகவே தீர்மானித்துவிடுவதைப் பெயர் சொல்லாது. மின்சுமையால் தீர்மானிக்க முடியாததைப் பெயர் சொல்லாமல் விடாது. விதிவிலக்கு என்று பாடத்தில் தனியாக வருகிற பலவும் இதை வைத்துப் பார்த்தால் விதிவிலக்காகவே தெரியாது.

தொடர்வதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் குறியீட்டு எழுத்துகளுக்குப் பதிலாகத் தனிமத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் சொல்லிக்கொண்டு போகிறேன். நாம் பேசப்போவது எண்ணிக்கையைப் பற்றித்தான்.

மின்சுமை எப்படி வருகிறது

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். அவற்றில் கடைசியாக உள்ள ஒன்று மட்டும் வெளிக்கூட்டில் தனியாக இருக்கிறது. அதை இழந்தால் 10 மிஞ்சும். அது நியான் என்ற மந்த வாயுவின் எலக்ட்ரான் அமைப்பு. உட்கருவில் புரோட்டான்கள் 11 அப்படியே இருப்பதால் கணக்கில் ஒரு நேர்மின்சுமை கூடுதலாகிறது: 1+. குளோரினில் 17 எலக்ட்ரான்கள். ஒன்றை வாங்கிக்கொண்டால் 18, ஆர்கானின் அமைப்பு. மின்சுமை 1−. தனிம வரிசை அட்டவணையின் முதல் தொகுதி உலோகங்கள் எல்லாம் 1+, இரண்டாம் தொகுதி 2+, அலுமினியம் 3+. எதிர்ப்பக்கத்தில் ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் 1−, ஆக்சிஜனும் கந்தகமும் 2−, நைட்ரஜன் 3−. அட்டவணையில் இடம் தெரிந்தால் மின்சுமை தெரிந்தது போலத்தான்.

அயனி என்ற சொல்லை மைக்கேல் ஃபாரடே 1834-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் 'செல்வது' என்று பொருள். கரைசலில் மின்சாரம் பாய்ச்சும்போது மின்வாயை நோக்கி ஏதோ செல்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அந்த 'ஏதோ' மின்சுமை ஏற்ற அணு என்பது தெளிவாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

சரி, இப்போது வாய்ப்பாட்டுக்கு வருவோம். விதி ஒன்றே ஒன்று: மொத்த மின்சுமை பூஜ்யம். மக்னீசியம் நைட்ரைடை எடுத்துக்கொள்வோம். மக்னீசியம் 2+, நைட்ரைடு 3−. இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவான சிறிய மடங்கு 6. ஆறு நேர்மின்சுமைக்கு மூன்று மக்னீசியம், ஆறு எதிர்மின்சுமைக்கு இரண்டு நைட்ரைடு. ஆக மக்னீசியம் மூன்று, நைட்ரஜன் இரண்டு. எழுதும்போது நேர்மின் அயனி முதலில், எதிர்மின் அயனி பின்னால். பெயரிலும் அதே வரிசை.

வகுப்பில் இதைக் குறுக்கே மாற்றி எழுதும் முறையாகச் சொல்லித் தருவார்கள். இதன் எண்ணை அதற்குக் கீழே போடு, அதன் எண்ணை இதற்குக் கீழே போடு. விரைவான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றினால் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதல் இடம் மக்னீசியம் ஆக்சைடு. 2+, 2−. குறுக்கே மாற்றினால் மக்னீசியம் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு என்று வரும். உண்மையில் ஒன்றும் ஒன்றும் போதும். வாய்ப்பாட்டில் எழுதுவது அயனிகளின் மிக எளிய விகிதம்.

இரண்டாவது, சுருக்கக் கூடாததைச் சுருக்குவது. சோடியம் பெராக்சைடில் சோடியம் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு. இதைப் பார்த்தவுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கக் கை பரபரக்கும். சுருக்கினால் தப்பாகிவிடும். அங்கே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இரண்டும் சேர்ந்து 2− மின்சுமை கொண்ட ஒரே அயனியாக இருக்கின்றன. அந்த ஓர் அயனிக்குச் சோடியம் இரண்டு. அயனிகளின் விகிதம் ஏற்கெனவே சுருங்கிய நிலையில்தான் இருக்கிறது. பேரியம் பெராக்சைடு இன்னும் நல்ல சோதனை: பேரியம் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு. ஆக்சைடு என்று தவறாக எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பேரியத்துக்கு 4+ வரும். இரண்டாம் தொகுதி உலோகத்துக்கு 4+ கிடையாது. அப்படி ஒரு விடை வந்தால், எதிர்மின் அயனியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறோம் என்று பொருள்.

மூன்றாவது இடம், கீழே உள்ள எண்ணை மின்சுமை என்று நினைத்துக்கொள்வது. ஓர் இரும்புச் சேர்மத்தில் இரும்பு இரண்டு, சல்பேட் மூன்று என்று இருக்கிறது. இரும்பின் மின்சுமை என்ன? 'இரண்டு' என்று சொல்லிவிடுகிற மாணவர்கள் நிறையப் பேர். சல்பேட் 2−, மூன்று சல்பேட்டுக்கு 6−. இரண்டு இரும்பு அயனிகள் சேர்ந்து 6+ தர வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 3+. கீழே உள்ள எண் எத்தனை பேர் என்று சொல்கிறது; ஒவ்வொருவரிடமும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோடியம் குளோரைடின் 'மூலக்கூறு' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது சரியல்ல. 1913-இல் பிராக் தந்தையும் மகனுமாக எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, அதில் ஜோடி ஜோடியாக மூலக்கூறுகள் இல்லை என்பது தெரிந்தது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், இப்படியே படிகம் முழுக்க. எந்தச் சோடியம் எந்தக் குளோரைடுக்குச் சொந்தம் என்று கேட்கவே முடியாது. இதை ஏற்க மறுத்த வேதியியலாளர்கள் இருந்தார்கள். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1927-இல்கூட அறிவியல் இதழில் இதை எதிர்த்து எழுதினார். ஒன்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பாடு படிகம் முழுவதற்குமான விகிதத்தைத்தான் குறிக்கிறது.

ஒரே உலோகம், இரண்டு மின்சுமை

இதுவரை பார்த்த உலோகங்களுக்கு ஒரே மின்சுமைதான். இரும்பு அப்படியல்ல. வெளிக்கூட்டின் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து 2+ ஆகும். உள்ளே இருந்து இன்னொன்றையும் இழந்து 3+ ஆகும். தாமிரம் 1+ அல்லது 2+. வெள்ளீயமும் காரீயமும் 2+ அல்லது 4+. 'இரும்பு குளோரைடு' என்று மட்டும் சொன்னால் எந்த இரும்பு என்று மின்சுமைக் கணக்கால் சொல்ல முடியாது. ஆகவே இங்கே பெயர் வாயைத் திறக்க வேண்டும்.

பழைய முறையில் சொல்லின் ஈற்றை மாற்றினார்கள். குறைந்த மின்சுமைக்கு ஃபெரஸ், கூடியதற்கு ஃபெரிக். குப்ரஸ், குப்ரிக். ஸ்டானஸ், ஸ்டானிக். இந்தப் பெயர்கள் லத்தீனிலிருந்து வந்தவை: ஃபெர்ரம் இரும்பு, குப்ரம் தாமிரம், ஸ்டானம் வெள்ளீயம். தனிமங்களின் குறியீடுகள் சில பெயரோடு ஒட்டாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். ஸ்வீடன் நாட்டு பெர்சிலியஸ் 1813, 1814 வாக்கில் எழுத்துக் குறியீடுகளை வகுத்தபோது லத்தீன் பெயர்களிலிருந்து எடுத்தார். சோடியத்துக்கு நாட்ரியம், பொட்டாசியத்துக்குக் காலியம்.

பழைய முறையின் குறை என்னவென்றால், அது குறைவு, கூடுதல் என்று மட்டும் சொல்கிறது; எவ்வளவு என்று சொல்வதில்லை. குப்ரஸ் என்றால் 1+, ஃபெரஸ் என்றால் 2+. குப்ரிக்கும் 2+தான். உலோகத்துக்கு உலோகம் தனியாக நினைவில் வைக்க வேண்டும். மாங்கனீசு போல இரண்டுக்கு மேற்பட்ட நிலைகள் உள்ள உலோகம் வந்தால் முறையே உடைந்துபோகிறது. ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் ஸ்டாக் 1919-இல் இதற்கு எளிய தீர்வு சொன்னார்: உலோகத்தின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் எண்ணையே எழுதிவிடலாம். அச்சில் அது ரோமன் எண்ணாக இருக்கும். இங்கே நமக்குப் பழகிய எண்ணாகவே எழுதுகிறேன். இரும்பு(2) குளோரைடு என்றால் குளோரின் இரண்டு. இரும்பு(3) குளோரைடு என்றால் குளோரின் மூன்று. அந்த எண் இரும்பின் மின்சுமை, குளோரினின் எண்ணிக்கை அல்ல. இரும்பு(3) ஆக்சைடில் ஆக்சிஜன் மூன்று, இரும்பு இரண்டு. குளோரைடில் இரண்டும் ஒரே எண்ணாக அமைந்துவிடுவதால் பலருக்குக் குழப்பம் வருகிறது.

துத்தநாகம் எப்போதும் 2+, வெள்ளி பெரும்பாலும் 1+. ஆகவே அவற்றின் பெயரில் எண் போடுவதில்லை. சோடியம்(1) குளோரைடு என்று எழுதுவதும் தேவையற்றது.

இந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாதரசத்தைவிட நல்ல சாட்சி இல்லை. பாதரசம்(1) குளோரைடு, பழைய பெயர் பூரம், நீரில் ஏறக்குறைய கரையாதது. ஒரு காலத்தில் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள், அதுவும் நல்லதல்ல என்று பின்னால் தெரிந்தது. பாதரசம்(2) குளோரைடு, பழைய பெயர் வீரம், நீரில் கரையும். உட்கொண்டால் உயிர் போகும் கடும் நஞ்சு. பெயரில் ஓர் எண்தான் மாறுகிறது. முதல் சேர்மத்தின் வாய்ப்பாட்டில் பாதரசம் இரண்டு, குளோரின் இரண்டு. பெராக்சைடில் பார்த்த கதைதான் இது: இரண்டு பாதரச அணுக்கள் பிணைந்து சேர்ந்து 2+ ஆக இருப்பதால் அதையும் சுருக்கக் கூடாது. எண் முறையைத் தந்த ஸ்டாக்கே ஆய்வகப் பாதரச ஆவியால் நெடுங்காலம் உடல் நலிந்தவர். அந்த ஆபத்தை மற்ற வேதியியலாளர்களுக்கு எடுத்துச் சொல்வதில் பல ஆண்டுகள் உழைத்தார்.

ஈற்றில் இருக்கிறது எல்லாம்

1787-க்கு முன்பு வேதிப்பொருள்களுக்கு வைத்திருந்த பெயர்கள் பார்வையையும் ஊரையும் கண்டுபிடித்தவரையும் ஒட்டி இருந்தன. ஆன்டிமனி வெண்ணெய், துத்தநாகப் பூ, கிளாபர் உப்பு, எப்சம் உப்பு. தமிழிலும் நவச்சாரம், படிகாரம், மயில்துத்தம், வெடியுப்பு என்று அழகான பெயர்கள் இருக்கின்றன. அழகு உண்டு, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. 1787-இல் பாரிஸில் கித்தோன் த மோர்வோ, லவாய்சியர், பெர்த்தோலே, ஃபூர்குருவா ஆகிய நால்வர் சேர்ந்து புதிய பெயரிடல் முறையை வெளியிட்டார்கள். பொருளின் பெயரே அதன் சேர்க்கையைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சல்பேட், சல்பைட்டு என்று ஈற்றை மாற்றி ஆக்சிஜனின் அளவைக் காட்டும் வழக்கம் அவர்களிடமிருந்து வந்தது.

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். கந்தகம் மட்டும் உள்ள எதிர்மின் அயனி சல்பைடு. கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன் சேர்ந்தால் சல்பைட்டு. நான்கு ஆக்சிஜன் என்றால் சல்பேட். 'ஐடு' என்றால் பெரும்பாலும் தனித் தனிமம். 'ஐட்டு' என்றால் ஆக்சிஜன் குறைவு. 'ஏட்' என்றால் கூடுதல். ஹைட்ராக்சைடும் சயனைடும் பல அணுக்கள் சேர்ந்தவையாக இருந்தும் 'ஐடு' என்று முடிகின்றன. அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுகிற நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'ட' என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளையும் தாங்குகிறது. அச்சில் பல இடங்களில் சல்பைடையும் சல்பைட்டையும் 'சல்பைட்' என்றே போட்டுவிடுகிறார்கள். படிப்பவருக்கு எது என்று தெரிய வழியே இல்லை. ஆனால் தமிழ் எழுத்திலேயே தீர்வும் இருக்கிறது. 'டு' என்று ஒற்றையாக வந்தால் மெல்ல ஒலிக்கும், 'ட்டு' என்று இரட்டித்தால் வல்லோசை: நாடு, நாட்டு. அதுபோலவே சல்பைடு, சல்பைட்டு, நைட்ரைடு, நைட்ரைட்டு, குளோரைடு, குளோரைட்டு. இந்த இரட்டிப்பை விடாமல் எழுத வேண்டும் என்று பாடம் எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் எல்லாரையும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இது எழுத்துப்பிழை என்ற அளவில் நிற்கிற விஷயம் அல்ல.

ஏன் என்றால் மின்சுமைக் கணக்கு இந்தப் பிழையைப் பிடிக்காது. சல்பைடு, சல்பைட்டு, சல்பேட் மூன்றுக்குமே 2−தான். மூன்றோடும் சோடியம் இரண்டு சேரும், பேரியம் ஒன்று சேரும். எதைத் தவறாக எழுதினாலும் கூட்டல் பூஜ்யமாகவே வரும். ஆனால் பேரியம் சல்பேட் நீரிலும் அமிலத்திலும் கரையாதது. அதனால்தான் வயிற்றை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது குடிக்கக் கொடுக்கிறார்கள். பேரியம் சல்பைடு கரையக்கூடியது, உடலுக்குள் பேரியம் அயனியை விடுவிக்கும் நஞ்சு. குளோரினில் இந்த வரிசை இன்னும் நீளம். ஆக்சிஜன் ஒன்று என்றால் ஹைப்போகுளோரைட்டு, இரண்டு குளோரைட்டு, மூன்று குளோரேட், நான்கு பெர்குளோரேட். எல்லாம் 1−. வெளுப்பானில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. திட ராக்கெட் எரிபொருளில் ஆக்சிஜன் தருவது அம்மோனியம் பெர்குளோரேட்.

'ஏட்' என்றால் இத்தனை ஆக்சிஜன் என்று நிலையான எண் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். நைட்ரேட்டில் மூன்று, கார்பனேட்டில் மூன்று, சல்பேட்டில் நான்கு, பாஸ்பேட்டில் நான்கு. மின்சுமை முறையே 1−, 2−, 2−, 3−. இதை மனதில் பதிய வைக்கத்தான் வேண்டும், குறுக்குவழி இல்லை. இப்படிப் பல அணுக்கள் சேர்ந்த அயனிகளில் அடிக்கடி வரும் நேர்மின் அயனி ஒன்றே ஒன்று: நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் நான்கு கொண்ட அம்மோனியம், 1+. அம்மோனியா வேறு, அது மின்சுமை இல்லாத வாயு.

பல அணுக்கள் சேர்ந்த அயனி ஒன்றுக்கு மேல் வேண்டும்போது அதை அடைப்புக்குறிக்குள் வைத்து, எண்ணை வெளியே எழுதுகிறோம். மக்னீசியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு இரண்டு. அடைப்புக்குறி போடாவிட்டால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஆக்சிஜன் ஒன்றாகவே நின்றுவிடும். கால்சியம் பாஸ்பேட்டில் கால்சியம் மூன்று, அடைப்புக்குறிக்குள் பாஸ்பேட், வெளியே இரண்டு. மொத்தம் 13 அணுக்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அடைப்புக்குறி தேவையில்லை. அம்மோனியம் நைட்ரேட்டில் இரண்டு அயனிகளிலும் நைட்ரஜன் இருக்கிறது. இரண்டையும் கூட்டி 'நைட்ரஜன் இரண்டு' என்று எழுதிவிடக் கூடாது. எழுதினால் அயனிகளின் அடையாளமே போய்விடும்.

எண் திரும்பி வருகிற இடம்

மயில்துத்தத்தின் முறையான பெயர் தாமிரம்(2) சல்பேட் பென்டாஹைட்ரேட். 'பென்டா' என்றால் ஐந்து. இவ்வளவு நேரம் பெயரில் எண்ணிக்கையே வராது என்று பேசிவிட்டு இப்போது ஏன் வருகிறது? நீர் மூலக்கூறுக்கு மின்சுமை இல்லை. தாமிரம் 2+, சல்பேட் 2−, கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. படிகத்துக்குள் நீர் ஐந்தா, மூன்றா, ஒன்றா என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. ஆகவே பெயர் சொல்கிறது. நீலப் படிகத்தைச் சூடாக்கினால் நீர் போய் வெள்ளைத் தூளாகும். ஒரு சொட்டு நீர் விட்டால் மறுபடி நீலம். சலவைச் சோடாவின் படிகத்தில் நீர் பத்து, ஜிப்சத்தில் இரண்டு. ஜிப்சத்தைச் சூடாக்கிப் பெறும் பாரிஸ் சாந்தில் ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு அரை நீர்.

கடைசியாக ஒன்றை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். ஆய்வகத்தில் மோர் உப்பு என்று ஒரு வெளிர்பச்சைப் படிகம் உண்டு. கார்ல் ஃபிரீட்ரிக் மோர் என்ற ஜெர்மானியரின் பெயரால் அழைக்கப்படுவது. வழக்கில் அதை அம்மோனியம் இரும்பு(2) சல்பேட் ஹெக்சாஹைட்ரேட் என்பார்கள். சல்பேட் இரண்டு: 4−. இரும்பு ஒன்று: 2+. மிச்சம் வேண்டிய 2+ இரண்டு அம்மோனியத்திலிருந்து வருகிறது. நீர் ஆறு, அதைப் பெயரே சொல்லிவிட்டது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஒரு சந்தேகம் எழும். அம்மோனியம் நான்கு, இரும்பு ஒன்று, சல்பேட் மூன்று என்று வைத்தாலும் கூட்டல் பூஜ்யம்தானே வருகிறது? ஆமாம், வருகிறது. இரண்டு வகை நேர்மின் அயனிகள் இருக்கும்போது மின்சுமைக் கணக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. அதனால்தான் கறாராகப் பெயரிடும்போது அம்மோனியம் இரண்டு, சல்பேட் இரண்டு என்பதையும் எண்ணோடு சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்: டைஅம்மோனியம் இரும்பு(2) பிஸ்(சல்பேட்) ஹெக்சாஹைட்ரேட்.